தோளுக்கு வரும் வம்பு தோலிலிருந்து

தோள் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே போகிறது. கையைத் தூக்க முடிகிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. ஒரு வருடம் ஆனதும் மெல்ல ஒரு வலி தலைகாட்டுகிறது, முன்பு போன உயரத்துக்குக் கை போக மறுக்கிறது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, தையல் போட்ட இடம் அழகாக ஆறியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருந்தால் ஏறிக் காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் அளவுகள் இரண்டும் சரியாக இருக்கின்றன. பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு வருடம் போனால் எக்ஸ்ரேயில் செயற்கை மூட்டு எலும்பை விட்டுத் தளர்ந்திருப்பது தெரிகிறது. திறந்து பார்த்து, அங்கிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பி, இரண்டு வாரம் பொறுமையாகக் காத்திருந்தால், அதிலிருந்து ஒரு பாக்டீரியா முளைக்கிறது. அது நேற்று வந்ததல்ல. பெரும்பாலும் முதல் அறுவை நடந்த அன்றே, அந்த ஓரிரு மணி நேரத்துக்குள்ளேயே, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

இப்படி ஆவது அபூர்வம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை செய்யும் தோள் மாற்று அறுவைகளில் தொற்று வருவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கிறது, வைத்த மூட்டைக் கழற்றி மறுபடி வைக்கும் அறுவைகளில் அது கூடுதல். ஆனால் வந்துவிட்டால் கதை நீளம். மூட்டைக் கழற்ற வேண்டியிருக்கலாம், வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக், சிலருக்கு இரண்டு தவணையாக அறுவை, அதற்கப்புறமும் பழைய தோள் முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் வரவிடாமல் தடுப்பதில் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். அந்த மெனக்கெடலில் எது எதற்கு, எது வெறும் பழக்கதோஷம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், கிருமி எங்கே குடியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் பெயர் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். 2016 வரை ப்ரொப்பியோனிபாக்டீரியம் ஆக்னஸ் என்று அழைத்தார்கள், பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். பெயரில் இருக்கும் ஆக்னஸ் முகப்பருவைக் குறிக்கிறது. பதின்வயதில் முகத்தைப் படுத்தும் பருவோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே ஆசாமிதான். நம் எல்லோர் தோலிலும் இது இருக்கிறது, சாதாரணமாக எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஆக்சிஜன் குறைவாக உள்ள, எண்ணெய்ப் பசை நிறைந்த இடம்தான் இதற்குப் பிடிக்கும், ஆகவே தோலின் மேல்பரப்பில் மட்டும் நிற்காமல் மயிர்க்காலுக்குள்ளும் அதை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளும் இறங்கி வாழ்கிறது. முகம், மார்பு, மேல்முதுகு, தோள் ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. முழங்காலில் அப்படி இல்லை. டெஸ்டோஸ்டிரோன் அந்தச் சுரப்பிகளைத் தூண்டுவதால் ஆண்களுக்கு, அதிலும் வயது குறைந்த ஆண்களுக்கு, தோளில் இந்தக் கிருமி அதிகம். தோள் மூட்டுத் தொற்றும் அவர்களுக்கே அதிகம் வருகிறது.

இந்த ஒரு விஷயம்தான் தோளை மற்ற மூட்டுகளிலிருந்து பிரிக்கிறது. இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகளில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கு. அவை வந்தால் பெரும்பாலும் ஆர்ப்பாட்டத்தோடு வரும்: சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும், காய்ச்சல் அடிக்கும். தோளில் ஸ்டஃபைலோகாக்கஸும் வருகிறதுதான், ஆனால் அங்கே அடிக்கடி பிடிபடுவது சத்தமே போடாத க்யூட்டிபாக்டீரியம். நீண்ட காலம் தோள் அறுவைக்கான தடுப்பு முறைகள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் வகுத்ததைப் பார்த்து எழுதியவையாகவே இருந்தன, பல இடங்களில் இன்னும் அப்படித்தான். பாதி வேலைக்கு அது சரிதான். மீதிப் பாதிக்குத் தனி வழி தேவைப்படுகிறது.

சரி, அறுவைக்கு முன்னால் தோலை நன்றாகத் துடைக்கிறார்களே, அதில் செத்துவிடாதா? எல்லோரும் கேட்பது இதுதான். குளோர்ஹெக்சிடினும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைப் பூசுகிறார்கள், அது மேல்தோலில் இருப்பவற்றை நன்றாகவே கொல்கிறது. மயிர்க்காலின் அடிக்கு அது போய்ச் சேர்வதில்லை. 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. ஆரோக்கியமான 10 ஆண்களின் தோளில், அறுவைக்குச் செய்வது போலவே தோலைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் தோலின் ஆழம் வரை ஒரு சிறு துணுக்கை பயாப்சியாக எடுத்தார்கள். 7 பேரின் துணுக்கில் க்யூட்டிபாக்டீரியம் உயிரோடு இருந்தது. ஆக, தோல் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நம்புகிற அந்த நிமிடத்தில் சர்ஜன் கத்தியை வைக்கிறார், கத்தி நூற்றுக்கணக்கான சுரப்பிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, அவற்றில் இருந்தது காயத்தின் ஓரத்தில் வழிகிறது, அங்கிருந்து கையுறைக்கும் கருவிக்கும், கடைசியில் செயற்கை மூட்டுக்கும் ஏறுகிறது. தியேட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் கிருமி நோயாளியோடு சேர்ந்தேதான் தியேட்டருக்குள் வருகிறது.

காயத்தில் ஏறியதெல்லாம் தொற்றாக மாறுவதில்லை என்பது ஒரு ஆறுதல். வெறும் சதையாக இருந்தால் உடம்பின் காவல்படை பார்த்துக்கொள்ளும். உலோகமும் பிளாஸ்டிக்கும் அங்கே இருப்பதுதான் பிரச்சினை, அவற்றில் ரத்த ஓட்டம் கிடையாது. ஆந்தனி கிரிஸ்டினா என்ற அறுவை மருத்துவர் 1987இல் இதை ஓட்டப்பந்தயம் என்று வர்ணித்தார்: உலோகப் பரப்பில் உடம்பின் செல்கள் முதலில் போய் ஒட்டினால் மூட்டு தப்பித்தது, பாக்டீரியா முதலில் ஒட்டினால் அது தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்பது அதுதான். படலத்துக்குள் போனபின் ஆன்டிபயாட்டிக் சரியாக எட்டாது, கிருமியும் அரைத்தூக்கத்தில் மெதுவாக வளர்ந்துகொண்டு மருந்துக்குப் பிடி கொடுக்காது. தொற்று வந்தபின் மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியாமல் மூட்டையே கழற்ற வேண்டிவருவது இதனால்தான். இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. பதிவாகியிருக்கிற முதல் தோள் மாற்று அறுவையை 1893இல் பாரிஸில் ழூல் எமில் பெயான் செய்தார், காசநோயால் தோள் மூட்டு அரித்துப்போன 37 வயது ரொட்டி தயாரிப்பவருக்கு, பிளாட்டினமும் கெட்டிப்படுத்திய ரப்பரும் கொண்டு செய்த மூட்டு. சுமார் இரண்டு வருடத்தில் தொற்றினால்தான் அதைக் கழற்ற நேர்ந்தது. தோள் மாற்று அறுவையும் தொற்றும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள்.

இனி தடுப்புக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது முகப்பரு களிம்புதான். பென்சாயில் பெராக்சைடு, பல இடங்களில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிற, பதின்வயதுப் பிள்ளைகள் முகத்தில் தடவுகிற அதே 5 சதவீத ஜெல். எண்ணெயில் கரைவதால் மயிர்க்காலுக்குள் இறங்குகிறது, இறங்கிய இடத்தில் ஆக்சிஜன் ரகக் கூறுகளை வெளியிடுகிறது, ஆக்சிஜன் பிடிக்காத கிருமிக்கு அது விஷம். ஆன்டிபயாட்டிக் போல இதற்குக் கிருமி பழகிப்போய் எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதும் இல்லை. அறுவைக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் தோளின் முன்பக்கமும் பின்பக்கமும் அக்குளும் படும்படி தடவச் சொல்கிறார்கள், எத்தனை தடவை என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறுகிறது. தடவியவர்களின் தோலில் க்யூட்டிபாக்டீரியத்தின் எண்ணிக்கை தெளிவாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோல் கொஞ்சம் வறளும், சிலருக்குச் சிவக்கும், அரிக்கும். இன்னொன்று, இது துணியை வெளுத்துவிடும், ஆகவே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தடவ வேண்டாம். உங்கள் சர்ஜன் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நீங்களே கேட்கலாம், தப்பில்லை. புண் இருக்கும் தோலில் நீங்களாகத் தடவ மட்டும் வேண்டாம்.

இதோடு ஒப்பிட்டால், அறுவைக்கு முந்தைய நாட்களில் வீட்டில் குளோர்ஹெக்சிடின் போட்டுக் குளிக்கச் சொல்வது மற்றக் கிருமிகளைக் குறைக்கிறது, க்யூட்டிபாக்டீரியத்தைப் பெரிதாக அசைப்பதில்லை. அதற்காகக் குளிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை, ஸ்டஃபைலோகாக்கஸுக்கு அது தேவைதான். இரண்டும் இரண்டு வேலை. தியேட்டரில் தோலைத் துடைக்கும்போது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதே ஆக்சிஜன் தர்க்கம்தான், ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் அளந்தது பெரும்பாலும் தோலில் இருக்கும் கிருமியின் அளவைத்தான், தொற்று குறைந்ததா என்பதை அல்ல. ஏன் அதை அளக்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று வரும் தொற்றை ஒரு மருந்து அரையாகக் குறைக்கிறது என்று நிரூபிக்க, மருந்து போட்டவர்கள், போடாதவர்கள் என்று மொத்தம் 9000 பேருக்கு மேல் தேவைப்படும், அவர்களை இரண்டு மூன்று வருடமாவது விடாமல் கவனிக்கவும் வேண்டும், ஏனென்றால் இந்தக் கிருமி அவ்வளவு நிதானமாகத்தான் வெளியே தெரியும். அதனால் இந்தத் துறையில் பல முடிவுகள் மறைமுக ஆதாரத்தின் மேல் நிற்கின்றன. விலை குறைவு, ஆபத்து குறைவு, காரணம் புரிகிறது என்றால் செய்யலாம் என்பதே பலருடைய நிலைப்பாடு, என்னுடையதும் அதுதான்.

அடுத்தது நரம்பு வழியாகப் போடும் ஆன்டிபயாட்டிக். இதில் ஆதாரம் வலுவாக இருக்கிறது, குழப்பமும் இங்கேதான் அதிகம். முதல் தேர்வு செஃபசோலின், பெரியவர்களுக்கு 2 கிராம், எடை 120 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் 3 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கத்தி வைக்கும் நேரத்தில் திசுவில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், ரொம்ப முன்னால் போட்டால் வடிந்துவிடும், பிறகு போட்டால் ஓட்டப்பந்தயம் தொடங்கிவிட்டிருக்கும். அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடி ஒரு டோஸ். செஃபசோலின் க்யூட்டிபாக்டீரியத்துக்கும் வேலை செய்கிறது, வேறு மருந்து போட்டவர்களோடு ஒப்பிட்டால் செஃபசோலின் போட்டவர்களுக்குத் தோள் தொற்று குறைவு.

அப்படியென்றால் ஏன் வேறு மருந்து போடுகிறார்கள்? பென்சிலின் அலர்ஜி என்று கேஸ் பேப்பரில் எழுதியிருப்பதால். சின்ன வயதில் ஏதோ மாத்திரை சாப்பிட்டு உடம்பில் தடித்தது என்று அம்மா சொன்னது, அது அப்படியே ஐம்பது வருடம் பேப்பரில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்படி எழுதியிருப்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையான அலர்ஜி இருப்பதில்லை. அதோடு, செஃபசோலினின் மூலக்கூறு அமைப்பு பென்சிலினிலிருந்து போதுமான அளவு வித்தியாசப்படுவதால், அலர்ஜி உள்ளவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அதைக் கொடுக்க முடிகிறது. முன்பு கடுமையான எதிர்விளைவு வந்தவர்களின் கதை வேறு, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அறுவைக்கு ஒரு மாதம் முன்பே இந்த அலர்ஜி விஷயத்தைத் தோண்டியெடுத்துச் சரிபார்த்துக்கொள்வது, நோயாளியாக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று. மாற்றாகப் போடும் வான்கோமைசின் மெதுவாகத்தான் ஏற்ற முடியும், கத்தி வைப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், கடைசி நிமிடத்தில் நினைவு வந்து ஏற்றினால் பாதி மருந்து பாட்டிலிலேயே இருக்கும்போது அறுவை ஆரம்பித்துவிடும்.

ஒரு மருந்தே நல்லதென்றால் இரண்டு போட்டால் இன்னும் நல்லதுதானே? முகப்பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினைச் செஃபசோலினோடு நரம்பில் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள், காயத்தில் எடுத்த மாதிரிகளில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆக்சிஜன் பிடிக்காத கிருமிகள் பலவற்றுக்குக் கைகண்ட மருந்தான மெட்ரோனிடசோல் இதன் முன் எடுபடுவதே இல்லை, இயற்கையிலேயே அதற்கு எதிர்ப்பு உள்ளது. அறுவை முடிந்தபின் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அறுவைக்குப் பின் ஆன்டிபயாட்டிக்கை நீட்ட வேண்டாம் என்கிறது, அதிகபட்சம் 24 மணி நேரம் என்பதுதான் பரவலான நடைமுறை. நீட்டுவதால் கிடைப்பது வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும். பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று எழுதச் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் நாம்தான், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தியேட்டருக்குள் நடப்பவை நம் கையில் இல்லை, ஆனாலும் காரணம் தெரிந்தால் சுவாரசியமாக இருக்கும். தோலை வெட்டிய கத்தியை உடனே ஒதுக்கிவிட்டு உள்ளே புதிய கத்தி எடுக்கிறார்கள், ஏனென்றால் முதல் கத்தியின் விளிம்பில் சுரப்பியின் சரக்கு ஒட்டியிருக்கும். செயற்கை மூட்டின் பெட்டியைக் கடைசி நேரத்தில்தான் பிரிக்கிறார்கள், அதைத் தொடும் முன் கையுறையை மாற்றுகிறார்கள், உள்ளே இறக்கும்போது தோலின் ஓரத்தில் உரசவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். காயத்தை நீர்த்த பொவிடோன் அயோடின் ஊற்றிக் கழுவுவதும், மூடும் முன் வான்கோமைசின் பொடியைத் தூவுவதும் சிலருடைய வழக்கம். அக்குள் முடியை மழிக்கும் பழக்கம் மட்டும் எனக்குப் புரிவதே இல்லை. முடியை எடுப்பதால் க்யூட்டிபாக்டீரியம் குறைவதாக ஆய்வில் தெரியவில்லை, பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் வேறு கிருமிகள் குடியேறும். கத்தி படும் இடத்தில் முடி இடைஞ்சல் என்றால் கிளிப்பரால் வெட்டினால் போதும். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டு போகாதீர்கள்.

நாள் குறிக்கும் முன்பே கவனிக்க வேண்டியவை சில உண்டு. தோள் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அதற்கும் அறுவைக்கும் இடையே மூன்று மாதமாவது இருக்க வேண்டும், அதற்குள் செய்தால் தொற்று வாய்ப்பு கூடுகிறது. இதை நோயாளிகள் சொல்ல மறந்துவிடுகிறார்கள், முக்கியமாக ஊசி போட்டவர் ஒருவர், அறுவை செய்பவர் வேறொருவர் என்றால். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், புகையை நிறுத்த வேண்டும், உடம்பில் சத்துக் குறைவு இருந்தால் தேற்ற வேண்டும். எந்த அறுவைக்கும் சொல்வதுதான், விரிவாக எழுதத் தேவையில்லை. மூக்குக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முபிரோசின் களிம்பை ஐந்து நாள் மூக்கில் தடவச் சொல்வதும் உண்டு.

அறுவைக்கு அப்புறம் முக்கிய எதிரி தேங்கும் ரத்தம். ரிவர்ஸ் வகை மூட்டு வைக்கும்போது, அதாவது பந்தும் கிண்ணமும் இடம் மாற்றி வைக்கப்படும்போது, உள்ளே வெற்றிடம் கூடுதலாக இருக்கும், அங்கே ரத்தம் கட்டினால் கிருமிக்கு விருந்து. அறுவையின்போது டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து ரத்தப்போக்கைக் குறைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் காயத்தில் கசிவு ஐந்தாறு நாளைக்கு மேல் நிற்காமல் இருந்தால், அல்லது நின்ற கசிவு மறுபடி தொடங்கினால், காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே போங்கள். வேறெங்கோ போய் நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் செய்யக்கூடாத காரியம், அது தொற்றைக் கொல்லாமல் மறைத்துவிடும், பிறகு எடுக்கும் கல்ச்சரில் எதுவும் வளராது. இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தராதது: கை கட்டுத்தூளியில் வாரக்கணக்கில் ஒட்டியே இருப்பதால் அக்குள் வேர்த்து ஊறிப்போகும், காயமோ அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவர் அனுமதித்தபின், லேசாக முன்னால் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் அக்குள் தானாகத் திறந்துகொள்ளும், அந்த நேரத்தில் துடைத்து உலர்த்திவிடலாம். காயம் முழுக்க ஆறும் வரை தொட்டியிலோ குளத்திலோ இறங்க வேண்டாம்.

பல் சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் போட வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 2015இல், செயற்கை மூட்டு உள்ளவர்களுக்குப் பொதுவாக அது தேவையில்லை என்று சொல்லிவிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த நோயாளிக்கே திரும்ப வருகிறேன். நன்றாக இருந்த தோள் மாதங்கள் கழித்துக் காரணமில்லாமல் வலிக்கவோ விறைக்கவோ தொடங்கினால், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018இல் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேச நிபுணர் மாநாடு தோள் மூட்டுத் தொற்றுக்கென்றே தனி வரையறை வகுத்தது, நிச்சயம், அனேகமாக, இருக்கலாம், வாய்ப்பில்லை என்று நான்கு படிகளில். இந்தக் கிருமியின் விஷயத்தில் ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் கிடைக்காது என்பதால்தான். மறு அறுவையில் ஒரே ஒரு துணுக்கு எடுத்தால் போதாது, வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து மாதிரியாவது எடுக்க வேண்டும், ஒன்றில் மட்டும் முளைத்தால் அது வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம், இரண்டு மூன்றில் முளைத்தால் விஷயம் தீவிரம். அந்த மாதிரிகளை ஆய்வகம் 14 நாளாவது வைத்திருக்க வேண்டும். பல ஆய்வகங்களில் ஐந்து நாளில் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம், அதற்குள் க்யூட்டிபாக்டீரியம் கண் விழித்திருக்கவே இருக்காது. ஆகவே ரிப்போர்ட்டில் வளர்ச்சி இல்லை என்று எழுதியிருந்தால், எத்தனை நாள் வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மாதிரி எடுக்கும் முன்பே, 14 நாள் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இன்னும் உத்தமம்.